பயிற்சிக்குப் பாய் வாங்கப் போகிறார்களாம்

பெத்தாங்க் ஆடும் நம் ஊர்க் கழகம் ஒன்றில் (பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்) பயிற்சிக் கருவிகள் வாங்க வசூல் நடக்கிறது. பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இலக்கு வட்டம் அச்சடித்த ரப்பர் பாய். கை பலப்பட எடை கூடிய குண்டுகள். மணிக்கட்டு ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் பட்டை. எல்லாம் பிரான்சிலிருந்து வர வேண்டுமாம். லீவுக்கு வருகிற யாரோ ஒருவருடைய மச்சான் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவாராம். "நல்ல சாமான் இல்லாமல் நம்ம பிள்ளைங்க வெளியூர்ப் போட்டியில எப்படி ஜெயிக்கும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பட்டியல்தான் தப்பு.

நான் அரசு அலுவலகத்தில் கொள்முதல் கோப்புகளைப் பார்த்தவன். எந்தச் சாமான் வாங்கக் குறிப்பு வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இப்போது என்ன குறை, இது அதை எப்படித் தீர்க்கும்? இந்தப் பட்டியலில் ஒரு வரிக்கும் அதற்குப் பதில் இல்லை.

பாயையே எடுத்துக்கொள்வோம். குறிபார்த்து அடிக்கும் போட்டிக்குச் சர்வதேச விதி உண்டு. இலக்கு வட்டத்தின் விட்டம் 1 மீட்டர். அரை மீட்டர் கயிறு, ஒரு ஆணி, ஒரு குச்சி இருந்தால் ஒரு நிமிஷத்தில் மண்ணில் கீறிவிடலாம். இதற்கு ஒரு பாயைக் கடல் தாண்டிக் கொண்டுவர வேண்டுமா? அதோடு, இந்த ஆட்டத்தின் உயிரே தரையில்தான் இருக்கிறது. குண்டு முதலில் விழும் இடத்தைப் பிரெஞ்சில் 'தொனே' என்பார்கள். அந்த இடத்தில் சரளை இருக்கிறதா, வேர் மேலெழுந்திருக்கிறதா, நேற்றைய மழையில் மண் இறுகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் கெட்டிக்காரன் குண்டை விடுவான். ரப்பரின் மேல் விழும் குண்டு அந்தப் பாடத்தைச் சொல்லித் தராது. விழும் இடத்தைப் பழகத்தான் வேண்டும் என்றால் பழைய சைக்கிள் டயர் ஒன்றைத் தரையில் போட்டு அதற்குள் விழும்படி வீசச் சொல்லுங்கள். டயருக்கு வெளியே விழுந்தால் வீசியவனுக்கே தெரியும், வேடிக்கை பார்க்கிறவனுக்கும் தெரியும்.

மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது கோல்ஃபிலிருந்து வந்த வழக்கம். அங்கே குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டும்போது மணிக்கட்டு உடையக் கூடாது, அதனால் பட்டைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஆட்டம் அப்படியா? உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து, மணிக்கட்டை உள்ளே மடக்கி, விடும்போது திறக்கிறோம். குண்டுக்குப் பின்சுழற்சி கிடைப்பது அதனால்தான். அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் குண்டு விழுந்த இடத்தில் நிற்காமல் உருண்டோடிவிடும். மணிக்கட்டைக் கட்டிப்போட்டுவிட்டு எதைப் பழகச் சொல்கிறார்கள்? கோல்ஃபிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கியே தீருவோம் என்றால் அவர்கள் தரையில் போட்டு வைக்கும் குச்சியை வாங்கலாம். பெரிய ஆட்டக்காரர்களும் பயிற்சியில் ஒரு நீளக் குச்சியைக் காலுக்கு முன்னால் கிடத்தி, நிற்கும் திசை சரியா என்று பார்த்துக்கொள்கிறார்கள். நமக்கு அதற்குத் துடைப்பக்கட்டை போதும்.

எடை கூடிய குண்டு விஷயம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை, கெடுதல். விதிப்படி குண்டின் எடை 650 முதல் 800 கிராம், விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர். எட்டு மீட்டர் தூரத்துக்கு எவ்வளவு வீச்சு என்பதைக் கணக்குப் போட்டு யாரும் ஆடுவதில்லை, கை நினைவு வைத்துக்கொள்கிறது. காலையில் கனமான குண்டில் பழகிவிட்டு மாலையில் 690 கிராம் குண்டை எடுத்தால் கை எந்த நினைவை நம்பும்?

குண்டைத் தேர்ந்தெடுப்பதில் இவர்கள் கவனம் செலுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அங்கேதான் யோசிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. கட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறவருக்குச் சற்றுச் சிறிய, சற்றுக் கனமான குண்டு நல்லது. எதிராளி தட்டிவிடுவதும் கடினம், தரையிலும் அடங்கி நிற்கும். அடித்துக் கிளப்புகிறவருக்குச் சற்றுப் பெரிய, லேசான குண்டு நல்லது. இலக்கில் படும் வாய்ப்பு கூடும், கையும் சீக்கிரம் சோராது. மிருதுவான எஃகு மோதிய இடத்தில் அதிகம் எகிறாது, அதனால் அடிக்கிறவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆனால் சரளையில் அது சீக்கிரம் வடுப்படும். இதற்கெல்லாம் மேலாகக் கை அளவு. விரல்கள் குண்டைச் சுற்றி வசதியாக மடிந்தால்தான் விடும்போது நேராக விடமுடியும். நம் ஊரிலோ எந்தச் சாம்பியன் எந்த மார்க்கு வைத்திருக்கிறார் என்று பார்த்து வாங்குகிறார்கள். நூறு யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கிய கார்பன் எஃகுக் குண்டு கடல் காற்றில் துருப்பிடிக்கிறது என்று பிறகு புலம்பல். ஆடி முடித்ததும் துடைத்து, தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயை ஒரு சொட்டுத் தடவி வைத்தால் துரு கிட்டே வராது. அந்தப் பொறுமை இல்லாதவர் துருப்பிடிக்காத எஃகையே வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு கருவிக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்குவேன். கயிற்றில் கட்டிய காந்தம். முழங்காலும் இடுப்பும் பேசத் தொடங்கிவிட்ட நம் வயதுக்காரர்கள் குனியாமல் குண்டை எடுக்க அது உதவுகிறது. ஒரு மாலைக்கு எழுபது எண்பது தடவை குனிய முடியாது என்பதற்காகப் பயிற்சியையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை வெட்டவெளிக்குத் திரும்பக் கூட்டிவந்தது அந்தக் காந்தம்தான். குறை என்ன, தீர்வு என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இருக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்ததே சாமான் சேர்த்து அல்ல, இருந்ததைக் கழித்து. பழைய புரோவான்ஸ் ஆட்டத்தில் ஓடிவந்து வீசவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில், லா சியோத்தா என்ற ஊரில், வாதத்தால் ஓட முடியாமல் போன ழூல் லெனுவார் என்பவருக்காக வட்டத்துக்குள் காலை ஊன்றி நின்று வீசும்படி விதியை மாற்றினார்கள். பெத்தாங்க் என்ற பெயருக்கே ஊன்றிய கால்கள் என்றுதான் பொருள். அதை இந்த ஊரில் சொல்தாக்களும் மற்றவர்களும் ஆடியபோது தரையில் கீறிய வட்டத்துக்குள் நின்றார்கள். அதற்கு மேல் என்ன வேண்டியிருந்தது?

பணக்கார நாடுதான் ஜெயிக்கும் என்றால் மடகாஸ்கர் 1999-லும் 2016-லும் மூவர் ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றதற்கு என்ன சொல்வார்கள்? அங்கே தெருவுக்குத் தெரு ஆடுகிறார்கள். தாய்லாந்தில் மன்னரின் தாயாரே ஆதரவு கொடுத்து இந்த ஆட்டத்தைப் பரப்பினார். அந்த நாட்டுப் பெண்கள் உலகப் பட்டங்கள் வாங்கியிருக்கிறார்கள். ஆடுகிறவர்களின் எண்ணிக்கைதான் அவர்களுக்குக் கருவி.

நம்மிடம் அந்த எண்ணிக்கை எங்கே? சாயங்காலம் மைதானத்தின் ஓரத்தில் பக்கத்துத் தெருப் பையன்களும் பெண்பிள்ளைகளும் நின்று பார்க்கிறார்கள். "சொந்தக் குண்டு இருந்தா வா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். யாராவது இரக்கப்பட்டுக் கொடுத்தாலும் தாத்தாவுடைய 730 கிராம் குண்டைக் கொடுக்கிறார்கள். பிள்ளை இரண்டு கையாலும் தூக்கி எறிகிறது, தோள் வலிக்கிறது, மறுநாள் வருவதில்லை. பதினொரு வயது வரை உள்ள பிள்ளைகள் 600 கிராம், 65 மில்லிமீட்டர் குண்டில் ஆடலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. பட்டியலைத் தயாரித்தவர்கள் விதிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தார்களா என்று தெரியவில்லை. வெளியூர்ப் போட்டியில் ஜெயிக்கப் போவது இந்தப் பிள்ளைகள்தானே? அவர்கள் பெயரைச் சொல்லி வசூலித்த பணத்தில் அவர்கள் கைக்கு அடங்கும் ஒரு குண்டுகூட இல்லை.

இன்னொன்று, காசு அதிகம் ஆகாதது. ஒரு நோட்டுப் புத்தகம். குறிபார்த்து அடிக்கும் போட்டியில் ஐந்து நிலைகள், ஒவ்வொன்றிலும் 6, 7, 8, 9 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு வீச்சு, ஒரு வீச்சுக்கு அதிகபட்சம் 5 புள்ளி, மொத்தம் 100. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் அடிக்கவிட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒன்பது மீட்டரில் யார் தடுமாறுகிறார், கட்டையைக் குறிவைக்கும்போது யார் கை நடுங்குகிறது என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும். நாங்களெல்லாம் பதிவேட்டை வைத்தே அலுவலகம் நடத்தியவர்கள், இதற்கு மட்டும் பதிவேடு கசக்கிறது.

வசூல் நோட்டு வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வருகிறதாம். பாய், பட்டை, கனமான குண்டு ஆகிய மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, சிறுவர் குண்டு நான்கு செட், அளவு நாடா இரண்டு, நோட்டு ஒன்று என்று திருத்திக் கொண்டுவந்தால் என் பங்கு தயாராக உறையில் இருக்கிறது.