கத்தரிக்கோலும் மனச்சான்றும்

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வானொலிக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். வானொலி நேயருக்குக் காது ஒன்றே துணை. அக்காதில் விழும் குரலை யாரோ ஒருவர் முன்னதாகவே வெட்டி ஒட்டியிருப்பதை நேயர் அறியார். ஆகவே ஒலித்தொகுப்புக் கலையைப் பள்ளிப் பருவத்திலேயே, நல்லொழுக்கப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு வெள்ளிதோறும் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடச் செய்தி அறிக்கை ஒன்றைத் தயாரித்து ஒலிபெருக்கியில் வழங்கி வந்தோம். அதில் கற்றவற்றைக் கொண்டே இதனை எழுதுகிறோம்.

வானொலியும் நம் மாநிலமும் நெடுநாள் உறவினர். 1924இலேயே சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இல் பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியபோது, கல்வி வளாகத்தில் அமைந்த நாட்டின் முதல் சமுதாய வானொலி என்ற பெருமை நம் மாநிலத்துக்குக் கிடைத்தது. 2016இல் பாம்பனில் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ எழுந்தது. ஆயினும் இத்தகைய நிலையங்கள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப அனுமதி இல்லை. எங்கள் அறிக்கையோ பள்ளி மதிலைத் தாண்டுவதில்லை. அதனால் அத்தடை எங்களுக்கு இல்லை. சட்டம் காவல் நிற்காத இடத்தில் மனச்சான்றுதான் காவல் நிற்க வேண்டும்.

அக்காலத்தில் ஒலிநாடாவைப் பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டுநாடாவால் இணைப்பார்கள். நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் ஒரு சொல்லை நீக்குவதென்றால் சில அங்குலம் நாடாவையே வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தை விரலால் தடவி அறியலாம். இன்று கணினி ஒலியை நொடிக்கு 44,100 அளவுகளாகப் பதிந்து, திரையில் அலைகளாகக் காட்டுகிறது. ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் ஓர் அலையை அழிக்க இரண்டு சொடுக்குப் போதும், தழும்பே தெரியாது. வேலை எளிதாயிற்று, பொறுப்போ பெரிதாயிற்று.

அதிலும் தமிழுக்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வரும். ‘இல்லை’, ‘முடியாது’ என்பனவும் அங்கேதான் வரும். ‘சாலை சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது’ என்று ஒருவர் கூறுகிறார். நேரம் போதவில்லை என்று வாலை நறுக்கினால், ‘சாலை சரியாகிவிட்டது’ என்று அவரே சொன்னதாகிவிடும். குரலும் அவருடையதே, சொல்லும் அவருடையதே. செய்தி மட்டும் பொய்! பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமன்று, விரலுக்கும் உரியது.

இரைச்சலைப் பற்றியும் எங்களுக்குள் பெரிய வாதம் நடந்தது. நம் கும்மிடிப்பூண்டி வட்டாரம் தொழிற்பேட்டை. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் ஓடும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாலையைக் கடப்பது எவ்வளவு கடினம் என்று ஒரு தாய் கூறியதைச் சாலையோரத்திலேயே பதிவு செய்தோம். மென்பொருளில் இரைச்சலை நீக்கிக் கேட்டபோது குரல் தெளிவாயிற்று. ஆனால் அம்மா ஏதோ அமைதியான கூடத்தில் அமர்ந்து பேசுவதுபோல் இருந்தது. அந்த லாரிச் சத்தமே அவர் கூற்றுக்குச் சாட்சி அல்லவா? ஆகவே, சொல் விளங்கும் அளவுக்கு இரைச்சலைக் குறைக்கலாம், அடியோடு அழிக்கலாகாது என்று முடிவு செய்தோம்.

வடமாநிலத் தொழிலாளர் பலர் இங்கு உழைக்கின்றனர். அவர்கள் பேட்டியின் முதல் வரிகளை இந்தியிலோ ஒடியாவிலோ அப்படியே விட்டு, அதன்பிறகே தமிழாக்கத்தை இணைக்க வேண்டும் என்பதும் எங்கள் எண்ணம். ஒருவரது குரலே கேட்காத இடத்தில் அவருக்காக நாம் பேசுவது முறையன்று.

இவ்வனுபவத்தால் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, மூலப் பதிவை ஒருபோதும் அழிக்கலாகாது. அதன் படியில்தான் வெட்ட வேண்டும். இரண்டாவது, ஒரு கேள்விக்குக் கூறிய விடையை வேறொரு கேள்விக்கு ஒட்டலாகாது. மூன்றாவது, தொகுத்து முடித்ததைப் பேசியவரிடம் போட்டுக் காட்டி, ‘நீங்கள் சொன்னது இதுதானே?’ என்று கேட்க வேண்டும்.

‘பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இதெல்லாம் எதற்கு?’ என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். அவர்களது கவலை நியாயமானதே. ஆனால் தன் குரலைத் தானே பத்து முறை கேட்டுத் திருத்தும் மாணவிக்கு லகர, ளகர, ழகர வேறுபாட்டை யாரும் தனியே கற்பிக்கத் தேவையில்லை. இருபது நிமிடப் பேட்டியைப் பொருள் கெடாமல் இரண்டு நிமிடமாகச் சுருக்கத் தெரிந்தவளுக்குச் சுருக்கி வரைதல் எம்மாத்திரம்? இதற்கெனத் தனி நிலையமும் வேண்டாம். ஒரு கைப்பேசியும், பள்ளிக் கணினியும், வாரத்தில் ஒரு பாடவேளையும் போதும்.

திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1951இல் வானதூதர் கபிரியேலை வானொலி, தொலைத்தொடர்புப் பணியாளரின் பாதுகாவலராக அறிவித்தார். பொருத்தமான தேர்வு! தம்மிடம் தந்த செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல், உரியவரிடம் சேர்த்தவர் அவர்.

தோழியரே! நாளை உங்களில் எத்தனையோ பேர் கையில் கேட்போர் கண்ணுக்குத் தெரியாத இக்கத்தரிக்கோல் இருக்கும். இரைச்சலை வெட்டுங்கள், தயக்கத்தை வெட்டுங்கள், வீண் நீளத்தை வெட்டுங்கள். பிறர் சொன்ன ‘இல்லை’யை மட்டும் வெட்டாதீர்கள்.