கெரெ என்றால் ஏரி

காக்ஸ் டவுன் தெருக்களில் மாலை நேரத்தில் நடந்தால் எங்காவது பாட்டு வகுப்பின் சத்தம் காதில் விழும். 1809-ல் ஆங்கிலேயர் அமைத்த பெங்களூர் கன்டோன்மென்ட்டைச் சேர்ந்த பேட்டை இது. தமிழ், ஆங்கிலம், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே கடை வாசலில் புழங்கும். பியானோ கற்கும் பிள்ளைகளும் உண்டு, சரளி வரிசை பாடும் பிள்ளைகளும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் இசைக் கூட்டம் என்றால் மேடையில் தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: இசைக்கு மொழி கிடையாது.

கைதட்டல் வாங்கும் வாக்கியம்தான். ஆனால் உண்மையா?

கர்நாடக சங்கீதம் படிக்கும் குழந்தை ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்ததும் கீதத்துக்கு வருகிறது. ஆரம்ப கீதங்களில் ஒன்று, மலஹரி ராகத்தில் புரந்தரதாசரின் ‘கெரெய நீரனு’. தமிழ்க் குழந்தைகளும் தலைமுறை தலைமுறையாக அதைப் பாடுகிறார்கள். அது கன்னடம் என்பதே பல பேருக்குத் தெரியாது. சுருதி விலகினால் அதட்டு விழும். தாளம் பிசகினால் மறுபடி பாட வேண்டும். அர்த்தம் தெரியாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

கெரெ என்றால் ஏரி. நீரு என்பது நம் நீர்தான். ஏரியில் மொண்ட தண்ணீரை ஏரிக்கே ஊற்றிப் பேறு பெற்றவர்களைப் போல இருங்கள் என்கிறார் தாசர். கையில் இருப்பது நம்முடையதல்ல, கொடுத்தவனுடையது என்பது கருத்து.

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின. 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தன. இரண்டு முறையும் சண்டை தண்ணீருக்காக. இரு தரப்புப் பிள்ளைகளும் அதே மலஹரியைப் பாடி வளர்ந்தவர்கள்தான். ராகம் மட்டும் யாரையும் தடுத்துவிடவில்லை.

அர்த்தம் தெரிந்திருந்தால் கலவரமே வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. அடுத்த வீட்டு மொழியில் நாலு வார்த்தையாவது புரிந்து பாடியவனுக்கு அந்த வீட்டின் மீது கல்லெறியக் கொஞ்சம் கூடுதலாகக் கை கூசும். அவ்வளவுதான். அதுவும் சின்ன லாபமில்லை.

புரியாத மொழியில் எதற்குப் பாட வேண்டும் என்று தமிழிசை இயக்கம் கேட்டது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. நியாயமான கேள்வி. தமிழில் பாடுவது அதற்கு ஒரு பதில். பாடுவதைப் புரிந்துகொள்வது இன்னொரு பதில். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்தில் சம்ஸ்கிருதப் பாட்டு எழுதினார். பியானோ வகுப்புப் பிள்ளை முதலில் பழகும் ‘ஸி மேஜர்’ ஸ்வர வரிசையும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான். இரண்டு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரு நாள் சேர்த்து உட்காரவைத்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காக்ஸ் டவுனுக்குப் பக்கத்திலேயே ஒரு கெரெ இருக்கிறது, அல்சூர் ஏரி. அதன் கரையில் 1991-ல் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் அது திறக்கப்பட்ட சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு அரசுகள் பேச வேண்டியிருந்தது. கீதத்துக்கு அர்த்தம் சொல்ல, பாட்டு டீச்சருக்கு ஐந்து நிமிஷம் போதும்.