படுக்கும் முன்பே எங்கள் பங்கைச் சொல்லுங்கள்
ஜெலாப்பாங் வட்டாரக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

மத்திய வங்கியான பேங்க் நெகாரா, நிதியமைச்சு, சுகாதார அமைச்சு, காப்புறுதி மற்றும் தக்காஃபுல் நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள் ஆகிய தரப்புகளின் முன் ஈப்போவின் ஜெலாப்பாங், சிலிபின், புந்தோங் பகுதிக் குடும்பங்களாகிய நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

எங்களில் பலருடைய பெற்றோர் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள். அங்கே உடம்புக்கு முடியாமல் போனால் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் போவார்கள். எந்த நோய்க்கும் ஒரே கலவை மருந்துதான் தருவார் என்று அவரைக் கிண்டல் செய்தாலும், அந்த மருந்துக்குப் பில் வந்ததில்லை. தொழிலாளிக்கு வைத்தியம் பார்ப்பது முதலாளியின் சட்டக் கடமையாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. நாங்கள் டவுன் பக்கம் வந்து தொழிற்சாலைகளில் சேர்ந்தோம். முன்பு அந்தக் கடமை இருந்த இடத்தில் இப்போது காப்புறுதி நிறுவனத்தின் ஒரு மெடிக்கல் கார்டு இருக்கிறது.

1.9.2024 முதல், பில்லில் ஒரு பங்கை நோயாளியே கட்டும் கோ-பேமண்ட் வகைத் திட்டங்களையும் மருத்துவக் காப்புறுதி விற்கும் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்பது பேங்க் நெகாராவின் விதி. பில்லில் குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 ரிங்கிட். பங்கு கட்டுவதையே நாங்கள் எதிர்க்கவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் வார்டில் படுத்தால் எல்லாருடைய சந்தாவும் ஏறும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பில் போடுவது மருத்துவமனை. அதில் எதைக் கட்டுவது, எதை வெட்டுவது என்று முடிவெடுப்பது காப்புறுதி நிறுவனம். இரண்டிலும் வாய் திறக்க வழியில்லாத நோயாளியிடம் மட்டும் விழுக்காடு கேட்பது எந்த ஊர் நியாயம்?

முதல் கோரிக்கை உச்சவரம்பு பற்றியது. 20,000 ரிங்கிட் அறுவைச் சிகிச்சைக்கு 5 விழுக்காடு என்றால் 1,000 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதுவும் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கும் மாதத்தில் இந்தப் பணத்தைப் புரட்ட வேண்டும். ஒரே ஆண்டில் இரண்டு முறை படுத்தால் இரண்டு முறை. ஆகவே நோயாளியின் பங்குக்கு உச்சவரம்பு ரிங்கிட்டில் வேண்டும், ஆண்டுக்கு ஒன்றாக வேண்டும், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 850 ரிங்கிட், அதாவது அரை மாதக் குறைந்தபட்சச் சம்பளம் என்பது எங்கள் கணக்கு. அவசரச் சிகிச்சை, அரசு மருத்துவமனைச் சிகிச்சை, புற்றுநோய், டயாலிசிஸ் போன்றவற்றின் தொடர் சிகிச்சை ஆகியவற்றுக்குக் கோ-பேமண்ட் கிடையாது என்ற விலக்கு இன்று இருக்கிறது. அதில் கை வைக்கக் கூடாது. விற்க வரும் ஏஜெண்டுகள் இதை வாய் திறந்து சொல்வதே அபூர்வம் என்பதால், கார்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்துத் தர வேண்டும்.

அடுத்தது, படுக்கும் முன்பே எழுத்தில் கணக்கு. காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்கிறார். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் முடிவாகி வரும்வரை நோயாளி கட்டிலிலும், மகன் கவுண்டரிலும் காத்திருக்கிறார்கள். கடைசியில் கையில் கொடுக்கும் தாளில் பதிவுக் கட்டணம், அட்மிஷன் கிட் என்று கார்டு ஏற்காத வரிகள் இருக்கும். அறை விஷயம் இதைவிட மோசம். தகுதிக்கு மேற்பட்ட அறையில் படுத்தால், பல பாலிசிகளில் அறை வாடகையின் வித்தியாசத்தோடு விடாமல், மற்றச் செலவுகளிலும் 20 விழுக்காட்டை நோயாளி தலையில் கட்டிவிடுவார்கள். ‘டபுள் ரூம் இல்லை, சிங்கிள் ரூம்தான் இருக்கிறது’ என்று மருத்துவமனையே சொல்லும்போதும் இந்த விதி பாயலாமா? கூடாது. அவசரமல்லாத சிகிச்சைக்கு மதிப்பீட்டை முன்கூட்டியே தர வேண்டும். மலாயோடு தமிழிலும் தர வேண்டும். மதிப்பீட்டைத் தாண்டும் தொகைக்குக் காரணம் எழுதித் தராவிட்டால் அதை நோயாளியிடம் கேட்கக் கூடாது.

விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் டாக்டர் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. அறை, மருந்து, கையுறை, ஊசிக் குழாய் ஆகியவற்றுக்கு அப்படி வரம்பில்லை. 1.5.2025 முதல் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவை வரவேற்கிறோம். அதே வெளிச்சம் மற்றப் பொருள்களுக்கும் வேண்டும். கார்டு வைத்திருப்பவருக்கும் ரொக்கம் கட்டுபவருக்கும் ஒரே விலை வேண்டும். இன்ன நோய்க்கு இன்ன தொகை என்று மொத்தமாகக் கட்டும் முறைக்கு மாறப்போவதாக அரசு சொல்கிறது. எங்களுக்குத் தேதி வேண்டும்.

2021 முதல் 2023 வரை மருத்துவக் காப்புறுதிக் கோரல்களின் செலவு மொத்தம் 56 விழுக்காடு ஏறியதாகப் பேங்க் நெகாரா கூறியது. சந்தா ஏற்றத்தால் நாடெங்கும் கூக்குரல் எழுந்த பிறகு, 20.12.2024 அன்று அதைக் குறைந்தது மூன்றாண்டுக்குப் பிரித்து ஏற்ற வேண்டும் என்றது. இந்த ஏற்பாட்டின் கெடு 2026 இறுதி. பிரித்துக் கட்டினாலும் ஏறியது ஏறியதுதான். மிகக் குறைந்த திட்டத்தில் உள்ள, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சந்தா ஏற்றத்தில் கொடுத்த ஓராண்டு நிறுத்தத்தை நிலையான பாதுகாப்பாக்குங்கள்.

எங்கள் வட்டாரத்தை அதிகம் வாட்டுவது கம்பெனி கார்டு. வேலை போனால் கார்டும் போய்விடும். 20, 25 ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவர், கார்டு மிகவும் தேவைப்படும் வயதில் சொந்தப் பாலிசி கேட்டுப் போனால், இனிப்பு நீர் இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள், அல்லது அந்த நோயை விலக்கிவிட்டுத் தருகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஆக, இந்த ‘விலக்கு’ யாரை அதிகம் வெளியே தள்ளுகிறது என்று நாங்கள் விளக்கத் தேவையில்லை. வேலையை விடும் தொழிலாளி 90 நாளுக்குள் கேட்டால், புதிய மருத்துவச் சோதனையோ காத்திருப்புக் காலமோ இல்லாமல் அதே நிறுவனம் தனிப் பாலிசி தர வேண்டும். கம்பெனி காலத்தில் கோரல் செய்யாத ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கார்டு இல்லாதவர்களுக்கு ஈப்போவின் அரசு மருத்துவமனையான ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைதான் கதி. அங்கே நிபுணர்களும் கட்டில்களும் கூடினால் எங்களில் பலர் கார்டே எடுக்க மாட்டோம். நிறுவனங்களுக்கு இது கசக்கலாம்.

கோரலை நிராகரித்தால் எந்த விதியின்கீழ் என்று எழுதித் தாருங்கள். 1.1.2025 முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். அந்தச் சேவையின் அதிகாரிகள் ஈப்போவுக்கு வந்து தமிழிலும் முறையீடு வாங்க வேண்டும்.

இந்தச் சாசனத்துக்கு 60 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். நேரில் பேச விரும்பினால் ஜெலாப்பாங்கிலேயே கூட்டம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என்றால் இரவு ஷிப்ட் முடிந்தவர்களும் வர முடியும்.