மூளை உறையடி இரத்தக்கட்டு: அறுவைக்குப் பின் மீண்டும் சேர்வது ஏன்?

பிரேசில் அதிபர் லூலா 2024 அக்டோபர் 19 அன்று தமது இல்லத்தின் குளியலறையில் விழுந்து பின்தலையில் அடிபட்டார். காயத்துக்குத் தையல் போடப்பட்டது. ஏழு வாரங்கள் கழித்துத் தலைவலி வந்தது. டிசம்பர் 10 அன்று சாவோ பாலோ மருத்துவமனையில் அறுவை செய்து, மண்டையோட்டுக்குள் சேர்ந்திருந்த இரத்தத்தை வெளியேற்றினர். இரண்டு நாள் கழித்து, மூளை உறைக்குச் செல்லும் தமனியை அடைக்கும் சிகிச்சையும் நடந்தது. அறுவை முடிந்த பின்னும் அது எதற்கு என்ற கேள்வி, குழித்துறையில் பாசி படிந்த முற்றத்திலோ ஆற்றுப் படித்துறையிலோ வழுக்கி விழுந்த முதியவரின் வீட்டாருக்கும் உரியதே.

வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குகிறது. சிறு அடியில் கசிந்த இரத்தம் உறைக்கும் மூளைக்கும் இடையே தங்கி, நாளடைவில் தன்னைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. அச்சவ்வில் முளைக்கும் புதிய இரத்தக்குழாய்கள் நொய்ம்மையானவை, அடிக்கடி கசிபவை. துளையிட்டுத் திரவத்தை வெளியேற்றினாலும் சவ்வு பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. சுருங்கிய மூளை உடனே விரிந்து வெற்றிடத்தை நிரப்புவதும் இல்லை. மீண்டும் சேர்வதற்கு இவை முக்கியக் காரணங்கள். அதை அறுவையில் நேர்ந்த பிழை என்று கொள்ள வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் வடிகுழாய் வைத்தவர்களில் 9.3 விழுக்காட்டினருக்கும், வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் கட்டு திரும்பியது. ஆகவே தலையருகே தொங்கும் அந்தப் பையைக் கண்டு அஞ்சாதீர்கள். நோயாளி அதை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமனியை அடைக்கும் முறையைப் பற்றி 2024 நவம்பரில் முக்கியமான முடிவுகள் வெளியாயின. அமெரிக்க ஆய்வில், அறுவையுடன் இச்சிகிச்சையும் பெற்றோரில் 4.1 விழுக்காட்டினருக்கும், அறுவை மட்டும் பெற்றோரில் 11.3 விழுக்காட்டினருக்கும் 90 நாட்களுக்குள் மறு அறுவை தேவைப்பட்டது. சீன ஆய்வில் இத்தகைய வேறுபாடு உறுதிப்படவில்லை. எனவே இது எல்லோருக்கும் கட்டாயம் என்று கொள்ளலாகாது. உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்று நரம்பியல் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். டெக்சாமெத்தசோன் மாத்திரையின் கதை வேறு. அது மறு அறுவையைக் குறைத்தபோதிலும், ஆறு மாத முடிவில் நோயாளிகளின் நிலை மோசமாகவே இருந்தது என்று 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. பிறர் சொல்கேட்டு அதை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. தலைவலி திரும்புதல், பகலிலும் ஓயாத உறக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் சாய்ந்து நடத்தல், கையிலிருந்து பாத்திரம் நழுவுதல், தன்னையறியாமல் சிறுநீர் போதல், நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவரை இன்று அடையாளம் தெரியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் "வயது அப்படி" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் சென்று, சிடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். வலிப்பு வந்தாலோ எழுப்பியும் விழிக்காவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் உண்பவர்களுக்குச் சிக்கல் இருபுறமும் உண்டு. தொடர்ந்தால் கசியலாம், நிறுத்தினால் இதயத்திலோ மூளையிலோ இரத்தம் உறையலாம். எந்த நாளில் மீண்டும் தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் கலந்து முடிவு செய்யட்டும். அந்த நாளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு மருந்து கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடமும் அறுவை நடந்ததைச் சொல்லுங்கள்.

குழித்துறைப் பகுதியினர் சிகிச்சைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்கின்றனர். எல்லை கடந்து திருவனந்தபுரத்துக்கும் செல்கின்றனர். அறுவை ஓரிடத்திலும் மறுபரிசோதனை வேறிடத்திலும் நடக்கும்போது பழைய ஸ்கேன் படங்கள் கைக்குக் கிடைப்பதில்லை. ஒப்பிடப் படம் இல்லாவிட்டால், இப்போது தெரியும் திரவம் புதிதா, அறுவைக்குப் பின் எஞ்சியதா என்று சொல்வது மருத்துவருக்குக் கடினம். எஞ்சிய சிறிதளவு திரவம் பலருக்கும் தானே வற்றிவிடும். அதற்காக மறு அறுவை வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்து, எங்குச் சென்றாலும் அதை உடன் எடுத்துச் செல்லுங்கள்.