அந்தக் குடையை யார் பிடித்திருந்தார்கள்?

"2014 டிசம்பரில் பிரிந்து போனவர்கள்தான் மலையகத்தை உடைத்தார்கள். ஒரே குடையின் கீழ் நின்றிருந்தால் எந்த ஆட்சியும் நம்மைத் தொட்டிருக்காது" என்று, அரசை விட்டு வெளியேறிய மலையக எம்.பி.க்கள் திகாம்பரத்தையும் இராதாகிருஷ்ணனையும் சாடி எழுதியிருக்கிறார் நண்பர். புளத்கொகுபிட்டியத் தோட்டத்துப் பிள்ளையான எனக்கு அதைப் படித்ததும் வயிறு எரிந்தது.

அந்தக் குடையை யார் பிடித்திருந்தார்கள்? 2010 செப்டெம்பர் 8ஆம் திகதி அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் 161 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 17. ஒருவரே எத்தனை முறையும் ஜனாதிபதியாகலாம் என்றாக்கிய அந்த நாளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) அரசோடு நின்றது. எதிரணியில் வென்ற திகாம்பரமும் அதற்கு முந்திய மாதமே அந்தப் பக்கம் போயிருந்தார். நண்பர் ஏங்கும் ஒற்றுமை அன்று கைக்குள்தான் இருந்தது. மழைக்கு அம்மா சட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்த காம்பராவின் கூரை மட்டும் அப்படியே ஒழுகியது.

2012 மாகாண சபைத் தேர்தலைச் சான்றுக்கு இழுக்கிறார். மலையகக் கட்சிகள் சேவல் சின்னத்தில் சேர்ந்து நின்று சப்ரகமுவவில் இரண்டு ஆசனம் எடுத்தது உண்மை, நல்ல காரியம். சிதறிக் கிடந்த நம் வாக்கை ஒரு பெட்டியில் சேர்த்தார்கள். ஆனால் ஆசனத்துக்குச் சேர்வது வேறு, அடக்குகிறவனுக்குத் தோள் கொடுக்கச் சேர்வது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொய்.

2015 ஜனவரி 8, ஜனாதிபதித் தேர்தல் நாள். விடியற்காலையில் பால் வெட்டிவிட்டு, விரலில் ஒட்டுப்பால் காயாமலே வரிசையில் நின்றார் என் சித்தப்பா. தோட்டத் தலைவர் ஆளுங்கட்சியின் வெற்றிலைக்குப் போடச் சொல்லியிருந்தார். சித்தப்பா எதிரணியின் அன்னத்துக்குப் போட்டார். நுவரெலியா மாவட்டத்தில் பத்தில் ஆறு பேருக்கு மேல் அப்படித்தான் போட்டார்கள். திகாம்பரமும் இராதாகிருஷ்ணனும் அரசை விட்டு வந்தது சனங்கள் போன திசையில்தான். அதைத் துரோகம் என்றால், என் சித்தப்பாவும் துரோகியா?

பிரிவதெல்லாம் துரோகமல்ல. 1948இல் நம் குடியுரிமையைப் பறித்த அரசில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். கட்சி உடையக்கூடாதென்று அதே கட்சியில் இருந்த செல்வநாயகம் வாயை மூடியிருக்க வேண்டுமா? அவர் பிரிந்தார், 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தப் பிரிவில் நம் பக்கம் பேச ஆள் இருந்தது.

பிரிந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், அந்த 161இல் விழுந்த மலையக வாக்குகளுக்கு நண்பர் பதில் சொல்லட்டும். அவர் கட்டுரை முழுவதிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.