கிளி கேட்ட தங்கச்சி

பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் என் அக்கா மகள் விடுமுறைக்குப் பதுளைக்கு வந்திருந்தாள். சேர் கவெயினும் பச்சை வீரனும் என்ற பழைய ஆங்கிலக் காவியம் அவளுக்குப் பாடம். நான்கைந்து நாள் அதிலேயே மூழ்கிக் கிடந்தவள், ஒரு மாலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, “மாமா, நம்ம ஆட்கள்ட்ட இந்த மாதிரிக் கதை ஒன்னும் இல்லியா?” என்று கேட்டாள். பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை. அவளுடைய தாத்தா கூத்தில் வேஷம் கட்டியவர். அவளே அப்படிக் கேட்டதால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

அவள் படித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் அரசனின் சபையில் புத்தாண்டு விருந்து நடக்கிறது. உடம்பும் குதிரையும் பச்சை நிறமான ஒரு வீரன் உள்ளே வந்து சவால் விடுகிறான்: “என் தலையை வெட்டு. அடுத்த ஆண்டு இதே நாள் என்னிடம் வந்து அந்த வெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்.” கவெயின் வெட்டுகிறான். வெட்டுண்ட தலையைக் கையில் எடுத்துக்கொண்டு பச்சை வீரன் போய்விடுகிறான். ஆண்டு திரும்புகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கவெயின் தனியாகக் குளிரிலும் காட்டிலும் அலைகிறான். வழியில் ஒரு கோட்டையில் தங்குகிறான். வீட்டுக்காரன் மூன்று நாளும் வேட்டைக்குப் போகிறான். முதல் நாள் மான், இரண்டாம் நாள் காட்டுப்பன்றி, மூன்றாம் நாள் நரி. அந்த மூன்று நாளும் வீட்டுக்காரனின் மனைவி கவெயினின் மனத்தைக் கலைக்கப் பார்க்கிறாள். கடைசியில் அந்த வீட்டுக்காரனே பச்சை வீரன் என்று தெரிகிறது. சோதித்தவனே அவனுக்கு உயிரும் தந்து அனுப்புகிறான்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிரெத்தியான் த த்ருவா என்ற கவிஞர் இந்த மாதிரிக் காவியங்களுக்குப் பாதை போட்டார். அதற்குப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் நடந்தார்கள். வீரன் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும். வீடு வாசலை விட்டுப் புறப்பட வேண்டும். காடு வர வேண்டும். ஆசை காட்டும் சோதனை வர வேண்டும். முகம் தெரியாத எதிரியோடு மோத வேண்டும். அந்த எதிரி யார் என்பது முடிவில்தான் விளங்க வேண்டும். இவ்வளவுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு சீமாட்டி இருப்பாள். அவள் சொல்லுக்காகவோ அவள் மனத்தை வெல்லவோ வீரன் புறப்பட்டிருப்பான்.

அவளுடைய கேள்விக்கு நான் ஒன்றுதான் சொன்னேன்: “ஒங்க தாத்தா மரமேறினாரே, அது என்னன்னு நெனைக்கிற?”

தோட்டங்களில் வேர்விட்ட கூத்துகள் மூன்று. மாசியில் ஆடும் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். ரதியும் மன்மதனும் வரும் காமன் கூத்தைத்தான் வெளியே அதிகம் பேர் அறிவார்கள். அதைப் பற்றிப் பலர் எழுதியிருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டும்தான் என் மருமகளின் கேள்விக்குப் பதில்.

அருச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். சூதில் நாடிழந்து பாண்டவர் வனம் போகிறார்கள். சிவனின் பாசுபத அம்பை வாங்கி வருவதற்காக அருச்சுனன் உடன்பிறந்தாரையும் பாஞ்சாலியையும் விட்டுத் தனியே வடக்கே போகிறான். தவத்தைக் கலைக்க இந்திரன் தேவமாதர்களை அனுப்புகிறான். மூகன் என்ற அசுரன் காட்டுப்பன்றி உருவில் பாய்ந்து வருகிறான். அருச்சுனன் அம்பெய்கிறான். அதே பன்றிமேல் ஒரு வேடனும் அம்பெய்கிறான். பன்றி யாருடையது என்று இருவருக்கும் சண்டை மூள்கிறது. வில் போய், கைச்சண்டையாகி, அருச்சுனன் தோற்ற பிறகே வேடன் சிவன் என்று தெரிகிறது. புறப்பாடு, காடு, ஆசை காட்டும் பெண்கள், பன்றி, முகம் தெரியாத எதிரி, எதிரியே வரம் தருவது எல்லாம் இதில் இருக்கின்றன. பாரவி என்ற கவிஞர் 6ஆம் நூற்றாண்டில் இதை வடமொழியில் பதினெட்டுச் சருக்கக் காவியமாக எழுதினார். வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் ‘அருச்சுனன் தவநிலைச் சருக்கம்’ என்று தமிழில் பாடினார். அவரும் கவெயினைப் பாடிய பெயர் தெரியாத ஆங்கிலக் கவிஞரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். ஒருவர் பாடியது மற்றவர் காதுக்கு எட்டியிருக்க வழியில்லை.

கவெயினுக்கு இல்லாத ஒன்று அருச்சுனனுக்கு இருக்கிறது. அவன் கதையைக் கூத்தில் உண்மையாகவே உடம்பால் ஏறிக் காட்ட வேண்டும். கோயில் திடலில் நெட்டுக்கு ஒரு மரம் நட்டிருப்பார்கள். அருச்சுனன் வேஷக்காரர் பல நாள் விரதம் இருந்து, காவி உடுத்து, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பார்த்த இரவு, நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி இறங்கி, மேலே ஏறினவரின் காலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. கீழே தப்பு நிறுத்தாமல் முழங்கியது. பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் குப்புறப் படுத்திருந்தார்கள். அவர் மேலிருந்து எறிந்த பூவும் எலுமிச்சம்பழமும் பனிக்குள்ளிருந்து விழுந்தபோது மடியேந்தி வாங்கினார்கள். காலையில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக் கூடை சுமந்து, மாலையில் மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். மரத்திலிருந்தவரும் மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். பிரெஞ்சுச் சபைகளில் பிரபுக்கள் கேட்டு மகிழ்ந்த கதையின் உறவுக்காரக் கதை, ஊவாவின் தோட்டங்களில் கூலிக்கு நின்ற மக்களின் நேர்த்திக்கடனாக இருந்திருக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதை ஒரு காவியத்துக்கு என்ன கிடைக்கும்?

ஆனாலும் என் மனம் அதிகம் ஒட்டியிருப்பது பொன்னர் சங்கரிடம். கொங்கு நாட்டில் அண்ணன்மார் சாமி கதை என்று உடுக்கடித்துப் பாடுவது அதுதான். மணப்பாறைப் பக்கம் வீரப்பூரில் இன்றும் மாசித் திருவிழா நடக்கிறது. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் 1965இல் கொங்குக் கிராமத்தில் இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பிறகு அது 1992இல் சென்னையில் தமிழும் ஆங்கிலமுமாக நூலாக வந்தது. நம்முடைய முன்னோர் அதைக் கொங்கிலிருந்தும் திருச்சிப் பக்கத்திலிருந்தும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கடல் கடந்தார்கள்.

பொன்னர், சங்கர் இருவருக்கும் ஒரே தங்கச்சி. பெயர் அருக்காணித் தங்காள். துணையில்லாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெண். விளையாடத் துணைக்குக் கிளி வேண்டும் என்று அண்ணன்மாரிடம் கேட்கிறாள். கிளி இருப்பது வேட்டுவர் காட்டில். தங்கச்சி கேட்டதற்காக அண்ணன்மார் புறப்படுகிறார்கள். தப்பு முழக்கி முன்னே நடக்கும் சாம்புகனும் கூடப் போகிறான். ஐரோப்பியக் காவியங்களில் வீரனின் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஏவலாள் பெரும்பாலும் பின்னணியிலேயே நின்றுவிடுவான். சாம்புகன் அப்படியல்ல. அண்ணன்மாரோடு போராடி அவர்களோடு சாகிறான். தப்படித்தே வாழ்ந்த மக்கள் நிறைந்த லயங்களில் சாம்புகன் வேஷத்துக்கு எப்போதும் தனி மதிப்பு இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கிளி போனதால் வேட்டுவரோடு பகை வளர்கிறது. கொம்பன் என்ற காட்டுப்பன்றி வருகிறது. இங்கேயும் பன்றிதான். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் கோவாவும் நட்டு ஒரே இரவில் பன்றிக்குப் பறிகொடுத்த சனங்களுக்குக் கொம்பனை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாக்குப் போர்த்தி, வாழைமட்டையில் கொம்பு வைத்து ஒருவர் திடலுக்குள் ஓடி வந்தால் பிள்ளைகள் நிஜமாகவே அலறுவார்கள். பன்றியைக் கொன்ற பிறகு போர் மூள்கிறது. மாயவராகிய திருமாலின் அம்பு சங்கரின் மார்பைத் தொடுகிறது. விதித்த காலம் முடிந்தது என்று தெரிந்து இருவரும் தங்கள் வாளிலேயே விழுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் கதை பிரெஞ்சுக் கதையை விட்டுப் பிரிந்து தன் வழியே போகிறது. அங்கே சீமாட்டி அனுப்பிவிட்டுக் காத்திருப்பாள். வீரன் வென்று திரும்பினால் மாலையிடுவாள், செத்தால் அழுவாள். கதை அவனோடு முடியும். இங்கே வீரர்கள் செத்த பிறகு கிளி கேட்ட பெண்ணே எழுந்து நடக்கிறாள். கெட்ட கனவு கண்டு அரண்மனையை விட்டு இறங்கி, ஒரு நாளும் மிதிக்காத காட்டுக்குள் தனியே போகிறாள். வழி கேட்கிறாள், அலைகிறாள், பிணங்கள் கிடக்கும் களத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். தீர்த்தம் தெளித்து அண்ணன்மாரை எழுப்புகிறாள். சிறிது நேரம்தான். பேச வேண்டியதைப் பேசிவிட்டு அவர்கள் மறுபடி கண் மூடுகிறார்கள். அண்ணன்மாரின் தேடல் ஒரு கிளிக்காக நடந்தது. தங்கச்சியின் தேடல் இரண்டு உயிர்களுக்காக நடக்கிறது. பொன்னர் சங்கர் என்று கதைக்குப் பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் அதில் காவிய நாயகர்களுக்குரிய பயணத்தைக் கடைசிவரை நடந்து முடிப்பவள் தங்காள்தான். இது என் துணிந்த கருத்து.

கூத்து ஆடும் மாஸ்டர்களுக்கு இது தெரியும். லுணுகலைப் பக்கம் ஒரு மாஸ்டர் தம்முடைய கொப்பியை எனக்குக் காட்டினார். சிஆர் கொப்பிகள் இரண்டைச் சேர்த்துத் தைத்து, சாக்குத் துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். போர்ப் பாட்டுகள் இருந்த தாள்கள் இன்னும் விறைப்பாகவே இருந்தன. தங்காள் படுகளத்தில் அழும் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுப் பட்டு மஞ்சளாகி, ஓரம் கிழிந்து, செலோடேப் ஒட்டிக் கிடந்தன. அவரே பல ஆண்டு தங்காள் வேஷம் கட்டியவர். “இந்த ராகத்த யார்ட்ட படிச்சீங்க மாஸ்டர்?” என்று கேட்டேன். “யார்ட்டயும் படிக்கல தம்பி. எங்கம்மா எழவு வீட்டுல அழுவாங்க பாருங்க, அதக் கேட்டுக் கேட்டு வந்ததுதான்” என்றார்.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்குக் கவெயின் ஞாபகம்தான் வந்தது. அந்தக் காவியத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் உண்டு. 1731இல் அது இருந்த நூலகம் லண்டனில் தீப்பிடித்தது. பல ஏடுகள் எரிந்தன, அது தப்பியது. 1839இல்தான் முதல்முறையாக அச்சேறியது. அந்த ஏடு எரிந்திருந்தால் என் மருமகளுக்குப் பாடமும் இல்லை, எனக்கு இந்தப் பத்தியும் இல்லை.

தங்காள் அழும்போது இங்கே பெண்கள் அழுவது வெறும் பக்தியால் அல்ல. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம் மக்களைப் பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கச்சிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்தன. தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஸ்டேசன்களிலும் அந்த அழுகை கேட்டது. போன அண்ணனின் விலாசம் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ தொலைந்தது. ஒரு படுகளம் முடிந்து விடியும் நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறுபது தாண்டிய அக்கா ஒருவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவளாச்சும் தேடிப் போயி பாத்துட்டா” என்றார். அவர் தம்முடைய அண்ணனைத் தேடிப் போக முடியாதவர். தங்காளின் பயணம் இந்த மலையில் எப்படிப் பொருள்படுகிறது என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொன்னவர்களை நான் எங்கும் வாசித்ததில்லை.

இவ்வளவுக்கும், தங்காள் வேஷத்தை வழக்கமாகக் கட்டுகிறவர்கள் ஆண்கள். காலங்காலமாக அப்படி. விரதம், தீட்டு, இரவு முழுக்க வெளியே நிற்பது என்று காரணங்கள் சொல்வார்கள். அந்த மாஸ்டர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கதையே நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் அந்த அழுகை பெண்களுடையது. எழவு வீட்டில் அதைப் பாடி வளர்த்தவர்கள் அம்மாக்கள். அண்ணன்மாரைப் பிரிந்து நின்றவர்கள் தங்கச்சிகள். நாளெல்லாம் மலை ஏறி இறங்குகிற கால்களும் அவர்களுடையவைதான். தங்காள் காட்டில் நடப்பதை அவர்களைவிட யார் நடந்து காட்ட முடியும்?

என் மருமகள் விடுமுறை முடிவதற்குள் தாத்தாவின் கொப்பியைத் தேடி எடுத்துவிட்டாள். பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து, இப்போது பாட்டுகளைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம். படம் பிடித்து நூலக நிறுவனத்தாருக்கு அனுப்புங்கள், அவர்கள் பாதுகாப்பார்கள். கூத்து மாஸ்டர்களிடமும் கோயில் கமிட்டித் தலைவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் ஆடும்போது, தங்காள் வேஷத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள்.