பளபளப்பு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளோடு செங்கற்பட்டிலிருந்து புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், அலையில் காலை நனைத்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறீர்கள். போக ஏறக்குறைய 30 கிலோமீட்டர், சுகமான பிரயாணந்தான். மறுநாள் காலையில் காரின் கதவைத் திறந்தால்தான் சங்கடம். ஆசனம் பிசுபிசுவென்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. டாஷ்போர்டு சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கிறது. "கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடை, புதுசு மாதிரி ஆகிவிடும்" என்று வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். எண்ணெய் பிடிக்காதவர்களுக்குக் கடையில் விற்கும் பளபளப்பு ஸ்பிரே இருக்கவே இருக்கிறது.

சகோதரிகளே, இரண்டுமே வேண்டாம்.

அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் உப்பு. கடற்காற்றில் வந்தது பாதி, குழந்தைகளின் ஈரத் துணியில் வந்தது பாதி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப் போகிறதல்லவா, அதே குணந்தான் இங்கேயும். ராத்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும். வெயிலேறினால் காய்ந்து வெளுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் பூசினால் உப்பையும் மணலையும் உள்ளே வைத்து மூடியதாகத்தான் முடியும்.

கடற்கரைக் கோயிலுக்கே இந்தத் தொல்லை உண்டு. கல்லில் ஏறிய உப்பை எடுக்கத் தொல்பொருள் இலாகாவினர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஊறவைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பிவிடுகிறார்கள். கூழ் காயும்போது உப்பை உறிஞ்சிக்கொள்ளும். பல்லவர் கோயிலுக்கே தண்ணீர் வைத்தியம் என்றால் நம் காருக்கு ஆகாதா?

முதலில் மணலைப் போக்குங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மணல் உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். மெல்லிய பிரஷ்ஷால், இல்லையென்றால் வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள். பிறகு அரை வாளித் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீரை டாஷ்போர்டின்மேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது, சுவிட்சுகளுக்குள் இறங்கிவிடும். தையல் இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ். அப்புறம் வெறுந்தண்ணீர்த் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் இவற்றைக் கிட்டே கொண்டு வராதீர்கள். முள் ஓடும் மீட்டர்க் கண்ணாடி பெரும்பாலும் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். அமோனியா கலந்த ஜன்னல் திரவம் பட்டால் அதில் நுண்ணிய வெடிப்புகள் விழலாம்.

"பிளாஸ்டிக்குக்குப் போஷாக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். செங்கற்பட்டு ஜில்லாவே கார் பிறந்த பூமி. 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டலூரில் தயாரானது. 1999-ல் வந்த ஃபோர்டு ஐகான் மறைமலைநகரில். அந்த நாள் வண்டிகளில் பிளாஸ்டிக் கொஞ்சம், இந்த நாளில் திரும்பிய இடமெல்லாம் பிளாஸ்டிக். ஆனால் எல்லாம் ஒரே ஜாதியல்ல. இன்றைய டாஷ்போர்டு பல வண்டிகளில் பாலிப்ரொப்பிலீன். நம் சாப்பாட்டு டப்பாவும் அதுதான். டப்பாவுக்கு யாராவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோமா? ரெக்ஸின் வேறு. துணியின்மேல் பூசியிருப்பது பி.வி.ஸி., அதாவது வீட்டுத் தண்ணீர்க் குழாயின் சரக்கு. குழாய் விறைப்பாக இருக்க, ரெக்ஸின் மெத்தென்று இருப்பது அதில் கலந்த ஓர் எண்ணெய்ப் பொருளால். வெயிலில் அது கொஞ்சங்கொஞ்சமாக ஆவியாகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கல் படலத்தில் அதற்கும் பங்குண்டு. வெளியே 38 டிகிரி என்றால் மூடிய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியை நெருங்கும். போன பொருளைத் தேங்காயெண்ணெய் திருப்பித் தராது. காறல் வாடையும் புழுதியுந்தான் மிச்சம்.

ஏதாவது பூசியே ஆகவேண்டுமென்றால், தண்ணீரில் கலந்த, வெயில் காப்புள்ள, மினுமினுக்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

மினுமினுப்பை நான் வெறுப்பது அழகு பார்த்தல்ல. காலையில் மகாபலிபுரம் போகும்போது சூரியன் எதிரே, மாலையில் திரும்பும்போதும் எதிரே. எண்ணெய் மினுக்கிய டாஷ்போர்டு முன்கண்ணாடியில் நிழலாடி, குறுக்கே வரும் சைக்கிள்காரரை மறைத்துவிடும். ஸ்டியரிங்கிலோ பிரேக் மிதியிலோ அந்த ஸ்பிரே பட்டால் வழுக்கும். டாஷ்போர்டு மங்கலாக இருப்பதே க்ஷேமம். உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

பிள்ளையாருக்கு வைக்கும் மல்லிகைச் சரத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்; வாடினால் கறை. வாசனைக்கென்று பாச்சை உருண்டையைப் பிளாஸ்டிக்கின்மேல் வைக்காதீர்கள்; தழும்பு விழும்.

அடுத்த தடவை போகும்போது டாஷ்போர்டை மூட ஒரு பழைய வெள்ளை வேஷ்டியும், டிக்கியில் ஒரு கேன் நல்ல தண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தைகள் காலைக் கழுவித் துடைத்துக்கொண்ட பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.